கூடை, வாளி, குழாய்: சூயஸ் கால்வாயில் மண் சுமந்த பொறிகள்

சென்ற கோடையில் நம் பள்ளித் தோட்டத்துக் கிணற்றைத் தூர் வாரியபோது நாங்கள் சிலர் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தோம். கிணற்றுக்குள் இறங்கியவர் இருவர். மேலே வடக்கயிற்றை இழுத்தவர் நால்வர். வந்த கூடையை வாங்கிச் சும்மாட்டின் மேல் ஏற்றிக்கொண்டு தோட்டத்தின் கோடியில் கொட்டிவிட்டுத் திரும்பிய பெண்கள் ஆறு பேர். ஆயினும் உள்ளே மண்வெட்டி பிடித்தவர் அடிக்கடி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். மேலே போன கூடை திரும்பி வரவில்லை! அவ்வழியே வந்த எங்கள் இயற்பியல் ஆசிரியையான சகோதரி, "பார்த்தீர்களா பிள்ளைகளே, வெட்ட இரண்டு பேர், சுமக்கப் பத்துப் பேர். மண் வேலை எங்கே நடந்தாலும் கணக்கு ஏறத்தாழ இதுதான்" என்றார்.

அந்தக் கணக்கு எங்கள் மனத்தில் தங்கிவிட்டது. துறைமுகங்களிலும் கால்வாய்களிலும் சேற்றையும் மணலையும் அகற்றும் தூர்வாரும் கப்பல்களைப் பற்றி எழுதுவது என்று அறிவியல் மன்றத்தில் முடிவாகியபோது, அக்கப்பலின் பற்களைப் பற்றி எழுதுவதைவிட அதன் தோள்களைப் பற்றி எழுதுவதே பொருத்தம் எனக் கருதினோம். தூர்வாரிக்கு மூன்று வேலைகள் உண்டு. மண்ணைப் பெயர்க்க வேண்டும். நீருக்கு மேலே தூக்க வேண்டும். வேண்டிய இடத்திற்குக் கடத்த வேண்டும். பெயர்ப்பதை எல்லாரும் கவனிக்கிறோம். தூக்குவதும் கடத்துவதுமே கப்பலின் திறமையை முடிவு செய்கின்றன. இதை விளங்கிக்கொள்ளச் சூயஸ் கால்வாயைவிடச் சிறந்த இடம் வேறில்லை. ஏனெனில் ஒரே பள்ளத்தில், பத்தே ஆண்டுகளுக்குள், மனிதத் தோளும் நீராவிப் பொறியும் ஒன்றன் பின் ஒன்றாக அந்த வேலையைச் செய்தன.

மத்தியதரைக் கடலையும் செங்கடலையும் இணைக்கும் இக்கால்வாயின் வேலை 1859 ஏப்ரல் 25 அன்று தொடங்கியது. பிரெஞ்சுக்காரரான பெர்டினாண்ட் தெ லெசெப்ஸ் என்பவர் அமைத்த கம்பெனி அதனை மேற்கொண்டது. திட்டத்தின்படி அடியில் 22 மீட்டர் அகலமும் 8 மீட்டர் ஆழமும் வேண்டும். வழியில் ஏரிகளும் உண்டு, உலர்ந்த பாலைவன மேடுகளும் உண்டு. எல்-கிஸ்ர் என்னும் மேடு கடல் மட்டத்துக்கு மேல் பதினைந்து மீட்டருக்கும் அதிக உயரமுடையது. மேட்டையும் வெட்டி, அதன் கீழே கால்வாயின் ஆழத்தையும் வெட்டினால் மொத்தம் எவ்வளவு தோண்ட வேண்டும் என்பதை நீங்களே கூட்டிப் பாருங்கள்.

வடக்கே மன்சாலா என்னும் ஆழமற்ற ஏரி இருக்கிறது. அங்கே வேலை செய்த மீனவர்கள் ஏரியின் சேற்றைக் கைகளால் வாரி எடுத்து, மார்போடு அணைத்துத் தண்ணீரைப் பிழிந்து, கட்டி கட்டியாகக் கரையில் அடுக்கி வெயிலில் காய விட்டனர் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. இதைப் படித்ததும் எங்களுள் ஒருத்தி, "அப்படியானால் முதல் தூர்வாரி மனிதனின் மார்புதான்" என்றாள். சிரிப்பதா, வருந்துவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

மேடுகளில் நடந்தது இன்னும் கடுமை. எகிப்து அரசு ஊர் ஊராக ஆள் திரட்டி அனுப்பியது. விருப்பம் கேட்டு அழைத்த வேலையன்று அது. நம் ஊர்ப் பெரியவர்கள் 'அமஞ்சி' என்று சொல்வார்களே, அதைப் போன்ற கட்டாய ஊழியம். மாதந்தோறும் ஏறத்தாழ 20,000 பேர் கால்வாயில் வேலை செய்தனர். அவர்களை மாற்றுவதற்கு வேறு 20,000 பேர் நடந்து வந்துகொண்டிருப்பர். வேலை முடித்த 20,000 பேர் ஊர் திரும்பிக்கொண்டிருப்பர். ஆக எந்த நேரத்திலும் 60,000 குடும்பங்களில் உழவனின் இடம் காலி. கூலி உண்டு; ஆனால் அற்பம். 1856ஆம் ஆண்டில் இவ்வேலைக்கென வெளியிட்ட ஆணை கூலியை நாளொன்றுக்கு இரண்டரை முதல் மூன்று பியாஸ்டர் வரை என்று வரையறுத்தது. பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு ஒரு பியாஸ்டர்! ஆணையிலேயே அப்படி ஒரு பிரிவு இருந்தது என்றால், கூடை தூக்க யாரையெல்லாம் எதிர்பார்த்தார்கள் என்பது புரிகிறது. இந்த மலரைப் படிக்கும் ஆறாம் வகுப்புத் தங்கைகளின் வயதுதான்.

அங்கே எத்தனை பேர் இறந்தனர்? 1956 ஜூலை 26 அன்று கால்வாயை நாட்டுடைமையாக்கிய எகிப்தின் தலைவர் நாசர், 1,20,000 பேர் என்று தம் உரையில் கூறினார். கம்பெனியின் மருத்துவக் குறிப்புகள் தரும் எண் இதைவிட மிகக் குறைவு. வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. பெயர்ப் பட்டியல் வைக்காமல் ஆள் திரட்டினால் கணக்கு இப்படித்தான் முடியும்.

கூடை நின்ற நாள்

1863இல் எகிப்தின் ஆட்சிக்கு வந்த இஸ்மாயில் பாஷா கட்டாய ஊழியத்தை நிறுத்த விரும்பினார். துருக்கி சுல்தானும் பிரிட்டிஷ் அரசும் அதையே வற்புறுத்தின. (பிரிட்டனின் இரக்கத்தில் அரசியலும் கலந்திருந்தது. அலெக்சாந்திரியா - கெய்ரோ இரயில்பாதையைப் பிரிட்டிஷ் பொறியாளர் போட்டபோது இதே கட்டாய ஆட்கள்தாம் மண் சுமந்தனர். அப்போது அங்கிருந்து எதிர்ப்பு எழவில்லை.) வழக்கு பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனிடம் சென்றது. 1864 ஜூலையில் அவர் தீர்ப்பு வழங்கினார். ஆட்கள் விலக்கப்படுவர், அதற்கு ஈடாகக் கம்பெனிக்கு எகிப்து 3 கோடியே 80 இலட்சம் பிராங்க் கொடுக்க வேண்டும். நிலத்துக்கும் நன்னீர்க் கால்வாய்க்கும் சேர்த்து மொத்த ஈட்டுத் தொகை 8 கோடியே 40 இலட்சம். சுமந்தவர்களுக்கு இதில் எதுவும் போகவில்லை.

ஐந்தாண்டு முடிந்துவிட்டது, பள்ளத்தின் பெரும்பகுதி இன்னும் தோண்டப்படவில்லை, ஆட்களும் இல்லை. இந்த நெருக்கடியில்தான் போல் போரெல், அலெக்சாந்தர் லவாலே என்னும் இரு பிரெஞ்சுப் பொறியாளர்களின் நிறுவனம் ஒப்பந்தம் எடுத்தது. எல்-கிஸ்ர் மேட்டில் கூவ்ரெ என்னும் ஒப்பந்தக்காரர், தண்டவாளத்தின் மேல் நகரும் வாளிச் சங்கிலிப் பொறியைக் கொண்டுவந்தார். கால்வாய்க்குத் தோண்டிய ஏறத்தாழ 7.5 கோடி கனமீட்டர் மண்ணில் மிகப் பெரும் பங்கை இப்பொறிகளே கடைசி ஐந்து ஆண்டுகளில் எடுத்தன.

அவற்றுள் முதன்மையானது வாளிச் சங்கிலித் தூர்வாரி. எகிப்திய உழவர்கள் 'சாகியா' என்னும் சக்கரத்தில் பானைகளைக் கட்டி நீர் இறைப்பர். மாடு சுற்றச் சுற்ற ஒவ்வொரு பானையாக மேலே வந்து கவிழும். தூர்வாரியும் அதே தத்துவம்தான். கப்பலின் நடுவே ஒரு பிளவு. அதன் வழியே 'ஏணி' எனப்படும் நீண்ட இரும்புச் சட்டம் சாய்வாக நீருக்குள் இறங்கும். அதைச் சுற்றி ஓடும் சங்கிலியில் இரும்பு வாளிகள். கீழே ஒவ்வொரு வாளியும் மண்ணைக் கொத்தி அள்ளும். உச்சியில் கவிழ்த்துவிட்டுத் தலைகீழாக இறங்கும். வெட்டுவதும் தூக்குவதும் ஒரே சங்கிலியில் முடிந்துவிடுகின்றன. கூடை திரும்பி வரவில்லையே என்று கைகட்டி நிற்கும் நிலை இதில் இல்லை.

ஆனால் மூன்றாவது வேலை? உச்சியில் கவிழ்ந்த மண் எங்கே போவது? கால்வாயின் நீர்ப்பரப்பு பல இடங்களில் 100 மீட்டர் அகலம். நடுவில் நிற்கும் கப்பலுக்குக் கரை 50 மீட்டர் தொலைவு. கரையின் விளிம்பிலேயே கொட்டினால் மண் சரிந்து மறுபடி கால்வாயில் விழும். இன்னும் அப்பால் கொட்ட வேண்டும். படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோய், அங்கே மீண்டும் கூடையில் அள்ளினால் பழைய கதைதான்.

இங்கேதான் லவாலேயின் பெயர் நிலைத்தது. தூர்வாரியின் உச்சியிலிருந்து கரைக்கு அப்பால் வரை எட்டும் 70 மீட்டர் நீள இரும்புத் தொட்டி ஒன்றைப் பொருத்தினார்கள். பிரெஞ்சு மொழியில் 'கூலுவார்' என்று பெயர். நாம் சரிவு வாய்க்கால் எனலாம். பாதியாக அறுத்த முட்டையோடு போன்ற குறுக்குவெட்டு. நீராவிப் பம்பு அதனுள் இடைவிடாது தண்ணீர் பாய்ச்சும். மண் நீரோடு குழைந்து தானே வழிந்தோடிக் கரைக்கு அப்பால் விழும். நம் வீட்டுச் சாக்கடையில் மண் அடைத்தால் ஒரு வாளி தண்ணீரை வேகமாக ஊற்றுகிறோமே, அந்த அறிவுதான்.

70 மீட்டர் நீளத் தொட்டியைக் கப்பலின் ஒரு பக்கம் நீட்டினால் கப்பல் கவிழாதா என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். சீசா மரத்தில் கனமான பெண் நுனியில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? பாரம் சிறிதாயினும் தொலைவு பெரிதானால் திருப்புதிறன் பெரிதாகும். ஆகவே தொட்டியின் பாரத்தைத் தாங்கப் பக்கத்திலேயே தனியாக ஒரு மிதவையை நிறுத்தி, அதன் மேல் இரும்புச் சட்டம் எழுப்பினார்கள். தூர்வாரி நிமிர்ந்தே நின்றது.

இன்னொரு சிக்கலும் உண்டு. தண்ணீர் பாய்ச்சினாலும் சரிவு வேண்டும். நூற்றுக்கு ஐந்து பங்கு சரிவு என்று வைத்துக்கொண்டால்கூட 70 மீட்டருக்கு மூன்றரை மீட்டர் இறக்கம் தேவை. தொட்டியின் மறுமுனை கரையில் குவிந்த மண்ணுக்கு மேல் இருக்க வேண்டும். அப்படியானால் தொடக்க முனை அதைவிட மூன்றரை மீட்டர் உயரம். வாளிகள் கவிழும் உச்சி இன்னும் உயரம். அதாவது, தொலைவாகக் கடத்த வேண்டுமானால் முதலில் உயரமாகத் தூக்க வேண்டும். தூக்குவதும் கடத்துவதும் இரண்டு வேலையாகத் தோன்றினாலும் ஒன்றின் விலையை மற்றொன்று கொடுக்கிறது. இக்கட்டுரைக்காகப் படித்தவற்றில் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் இதுவே.

கரை மிக உயரமாக இருந்த இடங்களில் சரிவு வாய்க்கால் எட்டவில்லை. அங்கே 'ஏற்றி' என்ற வேறொரு பொறி வந்தது. ஒரு முனை நீருக்கு மேலும் மறுமுனை கரைக்கு மேலும் நீட்டியிருக்கும் சாய்வான தண்டவாளம் அது. தூர்வாரி மண்ணைப் பெட்டிகளில் நிரப்பும். பெட்டிகளைத் தாங்கிய படகு ஏற்றியின் கீழே வரும். நீராவி விஞ்ச் ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கித் தண்டவாளத்தில் இழுத்து, உச்சியில் கவிழ்த்து, காலிப் பெட்டியைத் திருப்பி அனுப்பும். கடலும் பெரிய ஏரிகளும் அருகிலிருந்த பகுதிகளில் இவ்வளவு தொல்லை இல்லை. கதவுகளைத் திறந்தால் மண் தானே நீரில் விழும் படகுகள் போதுமானவையாயின.

1869 நவம்பர் 17 அன்று கால்வாய் திறக்கப்பட்டது. ஆப்பிரிக்காவைச் சுற்றாமலே ஐரோப்பாவிலிருந்து கீழை நாடுகளுக்கு வழி பிறந்தது. கொழும்புத் துறைமுகம் கப்பல்கள் நிலக்கரி ஏற்றும் பெரிய இடமாக வளர்ந்ததற்கும் இதுவே ஒரு காரணம். அதன் பின் ஐரோப்பாவிலிருந்து நம் நாட்டுக்குப் பள்ளி நடத்த வந்த அருட்சகோதரிகள் பலரும் இந்தப் பள்ளத்தின் வழியாகவே வந்தார்கள்.

பம்பு வந்த பின்

வாளிச் சங்கிலிக்குப் பின் பம்பு வந்தது. சுழலும் பம்பு மண்ணையும் நீரையும் சேர்த்து உறிஞ்சி, அதே வேகத்தில் குழாய் வழியே தள்ளிவிடும். தூக்குவதும் கடத்துவதும் ஒரே பொறிக்குள் அடங்கிவிட்டன. இன்று சூயஸ் கால்வாயில் பணிபுரியும் தூர்வாரிகளுள் முக்கியமானவை இவ்வகையே. ஏணியின் நுனியில் பற்கள் பதித்த வெட்டுத்தலை சுழன்று மண்ணைப் பெயர்க்கும். பின்னாலுள்ள குழாய் உறிஞ்சும். நீரில் மிதக்கும் குழாய்த் தொடர் அதைக் கரைக்குக் கொண்டுசெல்லும்.

பம்பு இருக்கத் தூக்கு பொறி எதற்கு? இதற்கு விடை காண ஒரு சிறு கணக்குப் போடுவோம். பத்தாம் வகுப்பு மாணவியரும் போடலாம்.

காற்றின் அழுத்தம் சுமார் 10 மீட்டர் உயர நீரைத் தாங்கும். ஆழம் 20 மீட்டர் என்றால் அடியில் உள்ள அழுத்தம் 10 + 20, அதாவது 30 மீட்டர் நீருக்குச் சமம். குழாய்க்குள் இருப்பது வெறும் நீரன்று, நீரைவிட 1.3 மடங்கு கனமான சேறு. பம்பு நீர்மட்டத்தில் இருந்தால் 20 மீட்டர் சேறு 26 மீட்டர் நீருக்குச் சமம். 30இல் 26 போக மிச்சம் 4. இந்த மிச்சமே சேற்றை மேலே தள்ளுகிறது. ஆழம் 30 மீட்டரானால் வெளியே 40, உள்ளே 39. மிச்சம் 1 மட்டுமே. குழாயின் உராய்வே அதைத் தின்றுவிடும். ஆழம் 40 என்றால் வெளியே 50, உள்ளே 52. பம்பு எவ்வளவு பெரிதாயினும், எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் சேறு மேலே வராது! பம்பு உறிஞ்சுகிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் தள்ளுவது காற்றும் கடலும்தாம்.

வழி என்ன? பம்பையே கீழே இறக்க வேண்டும். நீர்மட்டத்துக்கு 10 மீட்டர் கீழே ஏணியிலேயே அதைப் பொருத்தினால், 40 மீட்டர் ஆழத்திலிருந்து பம்பு வரை சேறு ஏறும் உயரம் 30 மீட்டர்தான். அது 39 மீட்டர் நீருக்குச் சமம். வெளியே 50. மிச்சம் 11. சிக்கல் தீர்ந்தது.

தீர்ந்ததா? இப்போது ஏணியின் மேல் பம்பும் அதைச் சுழற்றும் பொறியும் ஏறிவிட்டன. பெரிய தூர்வாரிகளில் ஏணி நூற்றுக்கணக்கான டன் எடை. அதை இறக்கவும், ஆழத்துக்கு ஏற்ப நிறுத்தவும், பல் மாற்ற மேலே தூக்கவும் கப்பலின் முன்புறத்தில் உயர்ந்த இரும்புச் சட்டமும் கப்பிகளும் விஞ்சும் வேண்டும். கம்பிக்கயிறு கப்பிகளுக்கிடையே எட்டு முறை சென்று வந்தால் விஞ்ச் இழுக்க வேண்டியது பாரத்தின் எட்டில் ஒரு பங்கு. ஆனால் ஏணி ஒரு மீட்டர் உயர எட்டு மீட்டர் கயிற்றைச் சுற்ற வேண்டும். மேலும் நீருக்குள் இருக்கும் வரை இரும்பு தன் எடையில் எட்டில் ஒரு பங்கை இழந்து நிற்கிறது. நீரைவிட்டு வெளிவரும் கணத்தில் முழு எடையும் கயிற்றில் விழுகிறது. அப்பிக்கொண்ட களிமண்ணின் எடை வேறு. ஆர்க்கிமிடீசைப் பரீட்சைக்குப் படிக்கும்போது இவ்வளவு பயமாக இருந்ததில்லை.

கப்பலின் பின்புறத்தில் இரண்டு உயரமான ஊன்றுகால்கள் உண்டு. ஒன்றைக் கடலடியில் ஊன்றிக்கொண்டு கப்பல் இடமும் வலமும் ஊசலாடி வெட்டும். முன்னே நகர வேண்டுமானால் ஒன்றைத் தூக்கி மற்றதை ஊன்றும். பொய்க்கால் கட்டி நடப்பவரைப் போலக் கப்பல் நடக்கிறது. இந்தக் கால்களைத் தூக்குவதற்குத் தனி விஞ்ச் அல்லது எண்ணெய் அழுத்தத் தண்டு. இருபக்கமும் இழுத்துப் பிடிக்கும் நங்கூரங்களைத் தூக்கிப் போடக் கையுடைய பாரந்தூக்கிகள். ஆக, மண்ணைத் தூக்குவதற்குப் பம்பு வந்த பிறகு, பம்பைத் தூக்குவதற்கு இத்தனை பொறிகள்!

தளத்தின் மேல் நிற்கும் கிரேனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வீட்டில் அரிவாள்மனை ஒன்றே காய் நறுக்கும், மீன் அரியும், தேங்காய் துருவும். அதுபோல இந்தக் கிரேனுக்கு ஒரு வேலை என்று இல்லை. பாறையில் வெட்டும்போது வெட்டுத்தலையின் பற்கள் விரைவில் தேய்ந்துபோகும். புதிய பற்களை எடுத்துத் தருவது இதுவே. மணல் அரித்த பம்பின் சுழலியை வெளியே எடுப்பதும், மிதவைக் குழாய்களைக் கோப்பதும், படகை இறக்குவதும், அரிசி மூட்டை ஏற்றுவதும் இதுவே. சில கப்பல்களில் கொக்கியைக் கழற்றிவிட்டு இரு தாடைக் கவ்வியை மாட்டினால் கிரேனே தூர்வாரும். வேலை பல என்பதால் ஆபத்தும் பல. அலையில் கப்பல் சாயும்போது தொங்கும் பாரம் ஊசலாடும். கம்பிக்கயிறு அறுந்தால் சாட்டையைப் போல் சுழன்று அடிக்கும். அதனால்தான் ஒவ்வொரு தூக்கு பொறியிலும் அது எவ்வளவு பாரம் வரை தாங்கும் என்பதை எழுதி வைத்திருக்க வேண்டும்; தூக்கிய பாரத்தின் கீழ் யாரும் நிற்கலாகாது.

குழாயைப் பற்றி ஒரு சொல். அரிசியைத் தண்ணீரில் அரிக்கும்போது பாத்திரத்தை ஆட்டிக்கொண்டே இருந்தால் அரிசி நீரோடு நகர்கிறது. ஆட்டுவதை நிறுத்தினால் எல்லாம் அடியில் தங்குகிறது. சேற்றுக் குழாயும் அப்படியே. ஓட்டம் மெதுவானால் மணல் அடியில் படிந்து குழாயை அடைத்துவிடும். கரை மிகத் தொலைவானால் இடையே இன்னொரு பம்பை நிறுத்தி வேகத்தைக் காப்பாற்றுவர். தூர்வாரியை இயக்குபவர் குழாயின் வேகத்தையும் சேற்றின் அடர்த்தியையும் காட்டும் முட்களை விட்டுக் கண்ணெடுப்பதில்லை.

திறந்த கடலில் வேலை செய்வது வேறொரு வகைக் கப்பல். பக்கவாட்டில் நீண்ட குழாயைக் கடலடியில் இழுத்துக்கொண்டே ஓடும். மண்ணைத் தன் வயிற்றிலேயே நிரப்பிக்கொள்ளும். குழாயை மூன்று இடங்களில் தூக்கு சட்டங்கள் தாங்கும். அலையில் கப்பல் ஏறி இறங்கும்போது குழாயின் நுனி கடலடியை விட்டு எழவும் கூடாது, தரையில் மோதவும் கூடாது. பட்டம் விடும் சிறுமி நூலை விட்டும் பிடித்தும் வைப்பதுபோல, வாயு அடைத்த அழுத்தத் தண்டு ஒன்று கம்பிக்கயிற்றைத் தானே விட்டுப் பிடிக்கிறது. நிரம்பிய வயிற்றைக் காலி செய்ய அடிக் கதவுகளைத் திறக்கலாம். குழாயில் கரைக்கு அனுப்பலாம். அல்லது முன்புறக் குழலால் வானவில் போல வளைத்து வீசலாம். துபாயின் பனைமர வடிவத் தீவை இப்படி வீசிய மணலால்தான் எழுப்பினார்கள்.

மீண்டும் சூயஸுக்கு வருவோம். 2014 ஆகஸ்டில் எகிப்து, பழைய கால்வாய்க்கு இணையாக 35 கிலோமீட்டர் நீளத்தில் புதிய வழி ஒன்றை வெட்டத் தொடங்கியது. மேலே உலர்ந்த மணலை லாரிகளும் மண்வாரிகளும் அகற்றின. நீர் புகுந்த பின் பல நாடுகளின் தூர்வாரிகள் கூடிக் கீழே வெட்டின. 2015 ஆகஸ்ட் 6 அன்று திறப்பு விழா. தூர்வாரிகள் மட்டும் எடுத்தது 25 கோடி கனமீட்டருக்கும் மேல். முன்பு பத்தாண்டில் எடுத்ததைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். எடுத்துக்கொண்ட காலம் ஓராண்டு.

இவ்வளவு இருந்தும் 2021 மார்ச் 23 அன்று 'எவர் கிவன்' என்னும் 400 மீட்டர் நீளச் சரக்குக் கப்பல் கால்வாயின் தென்பகுதியில் குறுக்காகத் திரும்பிக் கரையில் புதைந்தது. இருபுறமும் நூற்றுக்கணக்கான கப்பல்கள் காத்து நின்றன. அப்போது உலகமெல்லாம் பரவிய ஒரு புகைப்படம் உங்களுக்கும் நினைவிருக்கலாம். மலைபோன்ற முகப்பின் கீழே மஞ்சள் நிற மண்வாரி ஒன்று, குழந்தையின் விளையாட்டுச் சாமான் போல, மணலைச் சுரண்டிக்கொண்டிருந்தது. பலர் கேலி செய்தார்கள். ஆனால் கரையில் ஏறிய முகப்பைச் சுற்றியுள்ள இறுகிய மண்ணை நெருங்கி எடுக்க அந்தச் சிறு கைதான் முதலில் வந்து சேர்ந்தது.

நீருக்கடியில் உள்ள மணலுக்கு 'மஷ்ஹூர்' என்னும் வெட்டுத்தலைத் தூர்வாரி வந்தது. மணிக்கு 2,000 கனமீட்டர் எடுக்கும் திறனுடையது. ஏறத்தாழ 30,000 கனமீட்டர் மணல் அகற்றப்பட்டது, 18 மீட்டர் ஆழம் வரை. தாளில் வகுத்துப் பார்த்தால் பதினைந்து மணி நேர வேலை. ஆனால் இரண்டு இலட்சம் டன் கப்பலின் அடிவாரத்தில் மணலைப் பறித்தால் அது எந்தப் பக்கம் சரியும்? தூர்வாரியில் இருந்தவர்களுக்கு அது தங்கள் மேலேயே சாய்ந்துவிடுமோ என்ற அச்சம் இருந்தது. சிறிது வெட்டுவதும், இழுவைக் கப்பல்கள் இழுத்துப் பார்ப்பதும், மறுபடி வெட்டுவதுமாக நாட்கள் கழிந்தன. பௌர்ணமியை ஒட்டிய உயர்ந்த ஓதமும் கைகொடுக்க, மார்ச் 29 அன்று கப்பல் மிதந்தது.

கட்டுரையை முடிக்குமுன் சகோதரியின் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தோம். ஒரு கனமீட்டர் மணல் என்பது எங்கள் மதிப்பில் ஐம்பது கூடை. 30,000 கனமீட்டருக்கு 15 இலட்சம் கூடை. கிணற்றில் எங்கள் கண் முன்னால் சுமந்த ஆறு பேரும் நாளொன்றுக்கு ஆளுக்கு நூறு நடை நடந்தால் 2,500 நாட்கள், ஏறத்தாழ ஏழு ஆண்டுகள். அந்த ஆறு பேரில் ஒருவரிடம் இதைச் சொன்னோம். அவர் சும்மாட்டை உதறி மடித்துக்கொண்டே, "அந்தக் குழாய் நம்ம கிணத்துக்குள்ள எறங்குமா, கண்ணு?" என்று கேட்டார்.